அளவு கொடுத்தவள்

வவுனியாவில் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த பிரியதர்சினி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லிங்கநகர் வீட்டின் படலையைத் திறந்தபோது நல்ல மத்தியானம். கச்சான் காற்று வறட்சியாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவில் தகரமொன்று கழன்று படபடத்தது. துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதியது. அந்தச் சத்தத்தையும் காற்று பாதியிலேயே பிய்த்துக்கொண்டு போனது.

"அம்மா, புதுக் குசினி கட்டி முடிஞ்சுதா?" என்றாள் ஐந்து வயதுக் கீர்த்தனி.

"பாப்பம் வா. அப்பா போனில பெரிய எடுப்பா எல்லோ சொன்னவர்."

காஸ் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில்தான் கிணற்றடியில் தகரம் சாத்தி, மூன்று கல் வைத்துச் சமைக்கத் தொடங்கினார்கள். பிறகு காஸ் வந்தது. ஆனால் விறகடுப்புச் சோற்றின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. மழைக்கு அடுப்பு நனைந்தது, காற்றுக்குத் தகரம் பறந்தது. கல்லும் சீமெந்துமாக, அசையாத ஒரு குசினி பின்வளவில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் பிரியதர்சினிதான்.

அது இப்போது தென்கிழக்கு மூலையில் நின்றது. அரைச்சுவர், ஓட்டுக் கூரை, புகைபோக்கி. உள்ளே இரண்டு வாய் வைத்த அடுப்புக்கட்டு. கட்டுக்குக் கீழே விறகு அடுக்க இடம். ஈரச் சீமெந்து மணத்தது. அவளுடைய கணவன் சுகிர்தன், துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்த கண்களோடு, கிண்ணியாவிலிருந்து வந்த, அண்ணன் முறையில் 'நானா' என்று அவர்கள் கூப்பிடும் மேசன் றுவைஸுக்குத் தேத்தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க தங்கச்சி," என்றார் றுவைஸ், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

பிரியதர்சினி ஆசையாக அடுப்புக்கட்டுக்கு முன்னால் போய் நின்றாள். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. இடுப்புக்கு வரவேண்டிய கட்டு தொடையோடு நின்றது.

"இதென்னப்பா, கூனிக் கூனியெல்லோ சமைக்க வேணும்? ஆருக்கு அளந்து கட்டினது?"

"உனக்குத்தான். றுவைஸ் நானா அடிமட்டம் வைச்சுக் கட்டுற ஆளில்லை. சமைக்கிற பொம்பிளையின்ட இடுப்பளவு எடுத்துத்தான் கட்டுவார்."

"நான் வவுனியாவில. என்ட இடுப்பை எப்பிடி அளந்தவர்? போனிலயோ?"

சுகிர்தன் சிரித்தான். றுவைஸ் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை அரைச்சுவரில் வைத்துவிட்டு, முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளுடைய உயரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி... அப்ப அண்டைக்கு நூல் பிடிச்சது நீங்க இல்லையா?"

"நான் இப்பதானே வாறன், நானா."

"அத்திவாரம் வெட்டின அண்டு தம்பி உள்ள படுத்திருந்தாரு. கிணத்தடிப் பக்கத்தால ஒரு பொம்புள வந்து நிண்டா. தலையில துவாய். வீட்டுக்கார அம்மாவா எண்டு கேட்டன். ஓம் எண்டு தலைய ஆட்டினா. நான் மத்தப் பொம்புளயளட முகத்தப் பாக்கிற இல்ல. கிட்டப் போய் அளக்கிறதும் இல்ல. நூல எட்டத்தில வெச்சிட்டுத் திரும்பி நிப்பன். அவங்களே ஒரு நுனியக் காலால மிதிச்சு, இடுப்பு மட்டத்தில முடிச்சுப் போட்டுத் தருவாங்க. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். அந்தப் பொம்புளயும் முடிச்சுப் போட்டு வெச்சிட்டுப் போனா."

"எங்க போனவ?"

"திரும்பிப் பாத்தன். நூல்தான் இருந்தது."

சுகிர்தன் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அது புஷ்பவதி அக்காவா இருக்கும்," என்றான். "பகிடிக்கு நிண்டிருப்பா." வேலிக்கு மேலால் கூப்பிட்டான். "அக்கோய்! எங்கட குசினிக்கு நீங்களோ அளவு குடுத்தனீங்கள்?"

பக்கத்து வளவுப் புஷ்பவதி, கையில் ஈர்க்குவாரோடு வேலிக்கு மேலே தலையைக் காட்டினாள். வேலியே அவளுடைய நெஞ்சுக்குத்தான் வந்தது.

"என்னைப் பாத்தா அந்தளவு கட்டை மாதிரியோடா தெரியுது? என்ட மனுசன் என்னோட சண்டை பிடிக்கிறதெண்டாலும் அண்ணாந்து பாத்துத்தான் பிடிச்சவர். அதோட அந்த மூலைப் பக்கம் நான் வாறேல்லை."

"ஏனக்கா?"

"வெறுங்காலோட நிண்டு பார். நிலம் சுடும்."

"இந்த வெயிலுக்கு எந்த நிலம்தான் சுடாது?"

"மாரியிலயும் சுடும்," என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து கூட்டத் தொடங்கினாள்.

றுவைஸ் குரலைத் தாழ்த்தினார். "அத்திவாரம் வெட்டேக்க அதில சாம்பல் வந்தது, தம்பி. நிறையச் சாம்பல். முந்தி ஆரோ அதில அடுப்பு வெச்சிருக்கிறாங்க."

"அக்கினி மூலை எண்டா எல்லாரும் அங்கதானே வைப்பினம்? எத்தினை தரம் சனம் ஓடி வந்து, ஓடிப் போன ஊர். எங்களுக்கு முந்தி ஆர் இருந்திச்சினமோ. அதை விடுங்கோ. கட்டை உசத்தித் தருவீங்களோ?" என்றான் சுகிர்தன்.

"நிலாவெளியில ஒரு வேல கிடக்கு. முடிச்சுக்கொண்டு வாறன். அது மட்டும் அடுப்புப் பத்த வைக்காதீங்க."

பத்த வைக்கவில்லை. பால் காய்ச்சாமல் புது அடுப்பில் யார்தான் நெருப்பு வைப்பார்கள்? பிரியதர்சினி வீட்டுக்குள்ளே காஸிலேயே சமைத்தாள். அம்மன் கோவிலில் கொடியேறியிருந்ததால் வீட்டில் மரக்கறிதான். பருப்பும் கத்தரிக்காயும் கீரையும்.

கீர்த்தனிக்கு மட்டும் புதுக் குசினி விளையாட்டிடம் ஆகிவிட்டது. நேர்சரியால் வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே அங்கேதான் ஓடுவாள். தாய் சோற்றுக் கோப்பையோடு கூப்பிட்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

"வேண்டாம். வயிறு நிறைஞ்சிட்டுது."

"என்ன சாப்பிட்டனி? நேர்சரியில ஆரும் தந்தவையா?"

"இல்லை. குசினிக்க."

"விளையாட்டுச் சோறா? மண்ணைத் திண்டியா? ஆ காட்டு பாப்பம்."

பிள்ளை வாயைத் திறந்தாள். மண் இல்லை. பிரியதர்சினி குனிந்து மோந்தாள். விறகுப் புகை மணத்தது. புளி விட்டு வற்றவைத்த மீன் குழம்பு மணத்தது. கொடியேறிய நாளிலிருந்து மீன் படியேறாத வீடு அது.

கடைவாய்ப் பல்லுக்கிடையில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அவள் நகத்தால் பிடித்து இழுத்தாள்.

முள். சின்னஞ்சிறிய கீரிமீன் முள்.

அன்றைக்குப் புஷ்பவதிதான் ஏச்சு வாங்கினாள். "நான் பிள்ளைக்கு மீன் குடுத்தனானா? நானும் விரதமடி!" என்று அவளும் திருப்பி ஏசினாள். இரண்டு வீடும் கதைக்காமல் இருந்தது.

பிள்ளை மெலியத் தொடங்கியது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் பிள்ளை. ஏப்பம் விடும் பிள்ளை. ஆனால் கன்னம் ஒட்டியது, நெஞ்சாங்கூடு தெரிந்தது, சட்டை தோளால் வழுகியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு வீட்டில சாப்பாடு குடுக்கிறீங்களா, அம்மா?"

"குடுக்கிறன் டொக்டர். வயிறு நிறைஞ்சிட்டுது எண்டுதான் சொல்லுறாள்."

"உடம்பில ஒண்டும் சேரேல்லையே. பட்டினி கிடக்கிற பிள்ளை மாதிரி இருக்கு. இப்பிடியே விட்டீங்களெண்டா பிள்ளை தாங்காது."

வரும் வழியில் ஓட்டோவுக்குள் பிரியதர்சினி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தூக்கணாங்குருவிக் கூட்டைத் தூக்கியது போலப் பாரமே இல்லை.

"கீர்த்து, அம்மாக்கு உண்மை சொல்லு. குசினிக்க ஆர் உனக்குச் சோறு தீத்தி விடுறது?"

"அன்ரி."

"எந்த அன்ரி?"

"கட்டையா இருப்பா. நான் அடுப்பில ஏறி இருப்பன். அவ முன்னால நிண்டு தீத்துவா."

"உன்னோட என்ன கதைக்கிறவ?"

"'ஆ' எண்டு மட்டும் சொல்லுவா. பேந்து, வசந்தி எண்டு கூப்பிடுவா."

"நீ கீர்த்தனி எல்லோ?"

"நான் சொன்னனான். அவ அழுதவ. அதால நான் இப்ப ஓம் எண்டுறனான்."

அடுத்த நாள் மத்தியானம் பிரியதர்சினி பிள்ளையைத் தடுக்கவில்லை. பின்கதவைக் கொஞ்சமாகச் சாத்திவிட்டு, அந்த இடைவெளியில் நின்று பார்த்தாள்.

வெயில் வெள்ளையாக எரிந்தது. காகம்கூட இல்லை. காற்று திடீரென்று நின்றிருந்தது. அவ்வளவு நாளும் படபடத்த தகரம் மூச்சுப் பிடித்தது போலக் கிடந்தது.

கீர்த்தனி அடுப்புக்கட்டில் ஏறி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

எதிரே யாரும் இல்லை.

பிள்ளை வாயைத் திறந்தாள். மூடினாள். மென்றாள். தொண்டை ஏறி இறங்கியது.

மறுபடி திறந்தாள்.

கட்டின் உயரம் அப்போதுதான் பிரியதர்சினிக்கு விளங்கியது. அங்கே ஏறி இருக்கும் பிள்ளையின் வாய், கட்டையான ஒருத்தியின் கைக்கு எவ்வளவு பொருத்தமாக வரும்!

"கீர்த்து!"

பிள்ளை திரும்பவில்லை.

"கீர்த்தனி!"

திரும்பவில்லை.

பிரியதர்சினி ஒரு அடி முன்னால் வைத்தாள். சொல்லக்கூடாத சொல்லைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"வசந்தி..."

பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளித் தூக்கியபோது அவளுடைய முழங்கை அடுப்பு வாயில் பட்டது. சுரீர் என்றது. நெருப்பே கண்டிராத அடுப்பு. சாம்பல் இல்லை, கரி இல்லை. கல் கொதித்துக்கொண்டிருந்தது.

சுகிர்தன் முதலில் நம்பவில்லை. "வெயில் பட்ட கல்லு சுடாமல்?" என்றான்.

"ஓட்டுக்குக் கீழ எங்கால வெயில்? வாங்கோ. வந்து கையை வையுங்கோ."

வந்தான். அடுப்பின் வாய்க்குள் கையை விட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கைபேசியை எடுத்து றுவைஸைக் கூப்பிட்டான். விரல் நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது.

றுவைஸ் மறுநாளே வந்தார். பைக்கை மதில் ஓரமாக விட்டவர், வளவுக்குள் வர முதல் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டார். பையிலிருந்து அந்த நூலை எடுத்து நீட்டினார்.

"வேற வீட்டுக்கு அளக்கிறதுக்கு இந்த முடிச்ச அவிழ்க்கப் பாத்தன், தங்கச்சி. ஏலாமப் போச்சு. கத்தியாலயும் வெட்டிப் பாத்தன். கத்திதான் மழுங்கினது. இது ஆருக்கு அளந்ததோ, அவக்குத்தான் இந்த அடுப்பு. நான்தான் முகத்தப் பாக்காம ஆள் மாறிக் கட்டிப் போட்டன்."

"உசத்தினாச் சரிவருமோ?" என்று கேட்டான் சுகிர்தன்.

"அடி அவட அளவிலதானே கிடக்குது, தம்பி? மேல எத்தின கல்லு வெச்சாலும் அடியில அவதான் நிப்பா."

"உடையுங்கோ," என்றாள் பிரியதர்சினி. "இப்பவே உடையுங்கோ. என்ட பிள்ளை பட்டினியில சாகுது."

பிள்ளையை உள்ளே கட்டிலில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். றுவைஸ் அலவாங்கை ஓங்கினார். முதல் குத்துக்கு ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது குத்துக்குக் கட்டு வெடித்தது. வெடிப்பின் வழியே புகை வந்தது. மெல்லிய, நீலமான புகை. நெடுநேரம் மூடி வைத்த சோற்றுப்பானையைத் திறந்தது போல ஒரு வாசம்.

"அல்லாஹ்வே," என்று முணுமுணுத்தார் றுவைஸ். ஆனால் கையை நிறுத்தவில்லை.

சுகிர்தன் மண்வெட்டியால் கல்லை இழுத்து எறிந்தான். வேலிக்கு மேலே புஷ்பவதியின் முகம் தெரிந்தது. கோபம் மறந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பிரியா," என்று கிசுகிசுத்தாள் அவள். "ஆரடி அழுறது?"

"ஒருத்தரும் அழேல்லையக்கா."

"எனக்குக் கேக்குதடி. அந்தக் கல்லுக்குள்ளால கேக்குது."

பிரியதர்சினி உடைந்த அடுப்பின் முன்னால் போய் நின்றாள். யாரைப் பார்த்துக் கதைப்பது என்று தெரியவில்லை. தன் நெஞ்சு மட்டத்தில், கட்டையான ஒருத்தியின் முகம் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"அக்கா, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்கட வசந்திக்கு என்ன நடந்ததெண்டும் தெரியாது. கோவியாதேங்கோ. இவள் என்ட பிள்ளை. நீங்கள் தாற சோறு இவளுக்குச் சேருதில்லை. விட்டிடுங்கோ."

அந்த இடத்திலிருந்து சூடான ஒரு மூச்சு அவளுடைய கழுத்தில் பட்டது. காற்று இல்லாத நேரம் அது.

"அம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். சாத்திய கதவு திறந்திருந்தது. கீர்த்தனி வாசற்படியில் நின்றாள். ஒட்டிய கன்னத்தில் கண்ணீர்.

"அம்மா, அடுப்பை உடைச்சா அவ எங்க நிப்பா?"

றுவைஸ் அலவாங்கை இன்னும் வேகமாகக் குத்தினார்.

பொழுது சாயமுதல் அந்த மூலை வெறும் நிலமாகிவிட்டது. சுவர், கூரை, புகைபோக்கி எல்லாம் பிரித்து, அத்திவாரத்தையும் கிளறி, கல்லையும் சாம்பலையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நூலைக் கிண்ணியாப் பாலத்தில் நின்று தண்ணீருக்குள் போட்டுவிட்டதாக றுவைஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னார். கூலி வேண்டாம் என்றும் சொன்னார். பால் காய்ச்ச வாங்கி வைத்த புதுப் பானையைப் புஷ்பவதி கேட்டு வாங்கி, கோவிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே கீர்த்தனி சாப்பிட்டாள். "பசிக்குது" என்று அவள் சொன்னபோது பிரியதர்சினி வீட்டுக்குள் பழைய குசினிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். நாள் போகப் போக எலும்பு மறைந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "இப்பதான் ஒழுங்காக் குடுக்கிறீங்கள் போல," என்றாள். அந்தச் சொல்லுக்குக்கூடப் பிரியதர்சினி தலையாட்டிவிட்டு வந்தாள். வேலிக்கு மேலால் பழையபடி கறி போய் வந்தது. புஷ்பவதி வெறுங்காலோடு வந்து அந்த மூலையில் நின்று பார்த்தாள்.

"இப்பச் சுடேல்லையடி," என்றாள். "பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. அவ போயிட்டா."

கோவிலில் கொடி இறங்கிய பிறகு ஒரு மத்தியானம். பிரியதர்சினி வீட்டுக்குள் காஸில் மீன் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து, கதிரையில் இருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். வெளியே காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"ஆ சொல்லு, குஞ்சு."

கீர்த்தனி வாயைத் திறந்தாள். பிரியதர்சினி ஒரு கவளம் வைத்தாள். பிள்ளை நன்றாக மென்று விழுங்கினாள்.

"உறைப்பா?"

"இல்லை."

பிரியதர்சினி அடுத்த கவளத்துக்கு முள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனி தலையை மற்றப் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

மென்றாள்.

வெளியே காற்று நின்றுவிட்டது.

"கீர்த்து... வாயில என்னம்மா?"

பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைந்திருந்தது. விழுங்கி முடித்து, தாயின் பக்கம் திரும்பி, மறுபடி வாயைத் திறந்தாள். பிரியதர்சினி முள் பார்த்த கவளத்தை வைத்தாள். பிள்ளை அதை விழுங்கிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

ஒரு வாய் இந்தப் பக்கம். ஒரு வாய் அந்தப் பக்கம்.

கத்தினால் என்ன நடக்குமோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எங்கே ஓடுவது? தான் தீத்துவதை நிறுத்தினால் பிள்ளை அந்தப் பக்கமே திரும்பியிருந்துவிடுவாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த கவளத்தை அவசரமாக உருட்டினாள். அதற்கடுத்ததையும் உருட்டி ஆயத்தமாகக் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள்.

"இஞ்ச பார் குஞ்சு. அம்மாவைப் பார். ஆ சொல்லு."

கீர்த்தனி அவளைப் பார்த்தாள். மற்றப் பக்கக் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பிரியதர்சினி அதைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

கை போய்ச் சேர முதல், அந்தக் கன்னத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. யாரோ விரல் நுனியால் அழுத்தி வழித்தது போல, தோல் மெதுவாக அமிழ்ந்து, மெதுவாக எழும்பியது.

பருக்கை இல்லை.